கற்பனை இரயில் பாதையும் உரிப்பொருளும்

இல்லாத ஊர்களுக்கு இரயில் பாதை அமைக்கும் கலை ஒன்று இக்காலத்தில் வளர்ந்திருக்கின்றது. கணினித் திரையில் இரயில் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கென்று ‘சிமுலேட்டர்’ எனப்படும் விளையாட்டுகள் உள்ளன. ஜப்பானில் 1996 இல் தோன்றிய ‘டென்ஷா டே கோ’, வண்டியைக் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நிறுத்துவதையே ஆட்டத்தின் சாரமாகக் கொண்டது. 2001 இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து வெளிவந்த ‘டிரெய்ன்ஸ்’ என்பதும், அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘டிரெயின் சிமுலேட்டர்’ என்பதும் மேலும் ஒரு படி சென்றன. வண்டியை ஓட்டுவதோடு, அது ஓடும் பாதையையும் ஆடுவோரே அமைத்துக்கொள்வதற்கான கருவிகளை அவை வழங்கின.

அக்கருவியைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரிவது கட்டம் கட்டமாகக் கோடிட்ட வெற்றுத் தரையே. விரலசைவில் தரை உயர்ந்து மலையாகின்றது, தாழ்ந்து ஆறாகின்றது. பின்னர்த் தண்டவாளம் இடவேண்டும். ஏற்றம் எவ்வளவு, வளைவு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். பாலம், குகை, கைகாட்டி, நிலையம், மரம், வீடு ஆகிய ஒவ்வொன்றையும் எடுத்து வைக்க வேண்டும். சிலர் உண்மையில் உள்ள பாதைகளை அளந்து அப்படியே ஆக்குகின்றனர். வேறு சிலரோ, எந்த நிலப்படத்திலும் இல்லாத ஒரு வழித்தடத்தைத் தம் மனம் விரும்பியவாறு அமைக்கின்றனர். மலை வேண்டிய இடத்தில் மலை, அருவி வேண்டிய இடத்தில் அருவி என்று எழில் ஒன்றையே நோக்கமாகக் கொண்டு அவை எழுகின்றன. ஐம்பது கிலோமீட்டர் பாதைக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு உழைப்போரும் உளர். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது முறையன்று. காவியம் எழுதுவோன் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

ஆயினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. எதனையும் சேர்க்கலாம், எதனையும் நீக்கலாம் என்னும் முழு உரிமை ஒருவர் கையில் இருக்கும்போது, எதை நீக்குவது தகும்? கற்பனை நிலத்தில் அறத்திற்கு இடமுண்டா?

வினாவைத் தெளிவாகக் காண்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்ளலாம். உலு சிலாங்கூரில் ராசா என்னும் சிற்றூர் உள்ளது. கோலாலம்பூரிலிருந்து வடக்கு நோக்கி நீண்ட இரயில் பாதை 1894 இல் கோல குபுவை எட்டியபோது இவ்வூரைக் கடந்தே சென்றது. 2007 இல் மின்சாரக் கொமுட்டர் வண்டி ரவாங்கிலிருந்து ராசா வரை ஓடத் தொடங்கியது. 2009 இல் அச்சேவை தஞ்சோங் மாலிம் வரை நீண்டது. இவ்வூர் மாணவர் ஒருவர் ராசாவிலிருந்து மேற்கே கோல சிலாங்கூர்க் கடற்கரை வரை ஒரு கற்பனைப் பாதையை அமைக்கின்றார் என்று கொள்வோம். அப்படியொரு பாதை இருந்ததில்லை. நேர்க்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் தொலைவு அது.

எழிலையே தேடும் மாணவர் முதலில் கிழக்கு நோக்கித்தான் திரும்புவார். அங்கே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கின்றது. ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் பிரேசர் மலை உள்ளது. நாற்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதை என்று கணக்கிட்டால், 1,200 மீட்டர் ஏறுவதற்கு 48 கிலோமீட்டர் தண்டவாளம் தேவைப்படும். நேர்த்தொலைவோ முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆகவே பாதை சுற்றிச் சுற்றித் தன்னையே கடந்து ஏற வேண்டும். இத்தகைய கணக்குகளில் ஒரு மாணவர் கற்கும் புவியியலும் கணிதமும் எந்தப் பாடநூலும் எளிதில் தர இயலாதவை.

மேற்கே செல்லும் பாதை அத்துணை எளிதாக அழகைத் தருவதில்லை. சிலாங்கூர் ஆற்றை ஒட்டி அது தாழ்நிலத்தில் இறங்குகின்றது. வழியில் செம்பனைக் காடு. அதன் பின்னும் செம்பனைக் காடு. ஒரு தலைமுறைக்கு முன்னர் அவற்றுள் பெரும்பகுதி பால்மரக் காடாக இருந்தது. மேரி தோட்டம், நைகல் கார்ட்னர் தோட்டம், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் எனத் தமிழர் நாவில் வழங்கிய பெயர்கள் அவ்வழியெங்கும் கிடக்கின்றன. புக்கிட் தாகாரில் 2005 முதல் கோலாலம்பூர் மாநகரின் குப்பை கொட்டப்படுகின்றது. அதற்கு அப்பால், 2007 இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றி நூற்றுக்கணக்கான பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வானத்தின் நிறத்தை ஏந்தி நிற்கின்றன. அவற்றை அடுத்து, 1917 இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக நடப்பட்ட தென்னமரம் தோட்டம் வருகின்றது. பயிரிட்டது செம்பனை, பெயரோ தென்னை, அப்பெயரும் தமிழ். பின்னர், மின்மினிகள் ஒளிரும் கம்போங் குவாந்தான், புக்கிட் மலாவாத்திக் குன்று, கடல்.

இப்போது மாணவரின் கை தயங்கும் இடங்களைக் காண்க. மின்மினியை அவர் மறக்கமாட்டார். குட்டைகளையும் விடமாட்டார், மண்ணைக் குடைந்து எடுத்த புண்ணே எனினும் சன்னல் வழியே பார்க்கையில் அது நீல ஏரியாகத் தோன்றுகின்றது. குப்பை மேட்டை மட்டும் நீக்கிவிடுவார். தோட்டத்து லயங்களை என்ன செய்வார்? ஒன்றிரண்டை மரங்களுக்கிடையே அழகுக்காக வைக்கக்கூடும். அல்லது, பச்சை வரிசையின் ஒழுங்கு கெடும் என்று அவற்றையும் எடுத்துவிடக்கூடும்.

இதில் என்ன குற்றம் என்று ஒருவர் கேட்பது இயல்பு. உண்மையென்று நம்பவைத்து ஏமாற்றுவதே பொய்யாகும். இது கற்பனைப் பாதை என்று முன்னரே அறிவித்துவிட்டபின் ஏமாற்றத்திற்கு இடமில்லை. குப்பை மேட்டை நீக்கியதால் எவர் வயிற்றிலும் அடி விழவில்லை. விளையாடும் பிள்ளையிடம் வரலாற்றுக் கணக்குக் கேட்பது, பாட்டிசைப்பவனிடம் வரவு செலவு கேட்பது போன்றது. இவ்வாதம் வலிமையானது. மெய்ம்மை ஒன்றே கடமை என்று கொண்டால் கலை முழுவதையும் கைவிட நேரும். எனவே கற்பனைப் பாதை உண்மைக்கு ஒத்திருக்கின்றதா என்று கேட்பது தவறான கேள்வி. வேறு கேள்வி தேவைப்படுகின்றது. அதற்கான சொல் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது.

கற்பனை நிலத்தை முறைப்படி அமைத்துக் காட்டியவர்கள் தமிழர். அகப்பாடல்களின் குறிஞ்சியும் நெய்தலும் எந்த ஊரின் நிலப்படமும் அல்ல. அங்குக் காதலிப்போர்க்குப் பெயர் சூட்டுவதும் மரபன்று. உலகியலும் நாடக வழக்கும் கலந்து புலவன் தானே அமைத்த நிலம் அது. அதற்கு மூன்று பொருள்களைத் தொல்காப்பியர் வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, பறை, தொழில், உணவு முதலியன கருப்பொருள். கூடல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மாந்தர் வாழ்வு உரிப்பொருள். மூன்றும் சொல்லப்படும் வரிசையிலேயே ஒன்றினொன்று சிறந்து செல்கின்றன. கடைசியில் நிற்கும் உரிப்பொருளே தலையாயது. திணை மயக்கம் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. உரைகாரர்களிடையே விளக்க வேறுபாடு உண்டெனினும், அதன் கருத்துத் தெளிவு: உரிப்பொருள் அல்லாதவை ஒரு நிலத்திலிருந்து மற்றொரு நிலத்திற்கு இடம் மாறி வரலாம். குறிஞ்சியின் பறவை மருதத்தில் வந்து அமரலாம்.

கணினியில் பாதை அமைப்போர்க்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் கிட்டுவது அரிது. மலையை இடம் மாற்றட்டும், அருவியை வரவழைக்கட்டும், ராசாவுக்கு அருகே கடலையே கொண்டுவரட்டும். முதலும் கருவும் அமைப்பவர் விருப்பம். இவ்விரண்டிலும் இன்றைய கருவிகள் வியத்தகு திறம் படைத்தவை. அதிகாலை மூடுபனியையும் மழையில் நனைந்த தண்டவாளத்தின் பளபளப்பையும் கூட அவை தருகின்றன. ஆனால் இரயில் பாதைக்கு உரிய உரிப்பொருள் யாது? அதனைக் கேட்காமல் அமைக்கப்படும் பாதை, முதலும் கருவும் மட்டும் நிறைந்து உள்ளீடின்றி நிற்கும் பாட்டினை ஒக்கும்.

மலாயாவில் இவ்வினாவுக்கு விடை நெடுந்தொலைவில் இல்லை. 1885 இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் பாதை திறக்கப்பட்டது முதல், காட்டை வெட்டியும் மண்ணைக் கொட்டியும் சரளைக்கல் பரப்பியும் உழைத்தோருள் தென்னிந்தியத் தமிழரும் இலங்கையிலிருந்து வந்தோரும் முதன்மையானவர்கள். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். அவ்வண்டிகள் எரித்த நிலக்கரி பத்து ஆராங் சுரங்கத்தில் வெட்டப்பட்டது. 1915 இல் தொடங்கி 1960 இல் மூடப்பட்ட அச்சுரங்கத்திற்குக் குவாங்கிலிருந்து தனிக் கிளைப்பாதையும் இருந்தது. இன்றும் தண்டவாளத்தின் ஓரங்களில் காணப்படும் முனீஸ்வரர் கோவில்கள் பல, பாதையில் உழைத்தோர் தம் அச்சத்தையும் நம்பிக்கையையும் நட்டு வைத்த இடங்களே. உழைப்பும் பிரிவும் ஆகிய இவ்விரண்டுமே இப்பாதைகளின் உரிப்பொருள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர், கிள்ளான் துறையில் இறங்கி இரயிலேறித் தோட்டம் சேர்ந்தனர். ஊரில் காத்திருந்தவளின் இரங்கலும், தோட்டத்தில் காத்திருந்தவனின் தனிமையும் அத்தண்டவாளத்தின் இரு முனைகள்.

உரிப்பொருளை விட்டுவிட்ட கற்பனைப் பாதை என்ன செய்யும் என்பதற்குச் சான்றும் உண்டு. அது கணினிக்கு முற்பட்டது. 1942 இல் ஜப்பானியப் படையினர் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர்ப் பாதையைத் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தனர். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அங்குச் சென்றன. தண்டவாளங்களோடு மனிதரும் சென்றனர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் பல்லாயிரவர் மாண்டனர்.

போருக்கு முன்னர் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், அப்பாதையைக் களமாகக் கொண்டு 1952 இல் ஒரு நாவல் எழுதினார். 1957 இல் டேவிட் லீன் அதனைத் திரைப்படமாக்கினார். படத்தின் பாலம் சயாமில் கட்டப்பட்டதன்று. இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் மரத்தால் கட்டப்பட்டது. ஆறு வேறு, பாலம் வேறு, நிகழ்ச்சிகள் வேறு. எழில்மிக்க கற்பனை இரயில் பாதை ஒன்றைப் பெரும் பொருட்செலவில் அமைத்துத் தகர்த்தும் காட்டினர். முதலும் கருவும் மயங்கியது பிழையன்று. கதையின் மையத்தில் பிரிட்டானியக் கைதிகளின் பெருமிதமும் பிடிவாதமும் நின்றன. பல்லாயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளருக்கு அங்கு இடமில்லை. விட்டுப்போனது உரிப்பொருள்.

இதற்குப்பின் நிகழ்ந்ததுதான் சிந்திக்கத்தக்கது. நாவலில் வரும் ஆற்றின் மேல் உண்மையான பாலம் எதுவும் இருக்கவில்லை. காஞ்சனபுரியின் எஃகுப் பாலம் மே குளோங் ஆற்றின் மேல் நின்றது. படத்தைக் கண்டு தேடிவந்த பயணிகளுக்காக, 1960 அளவில் ஆற்றின் அப்பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றப்பட்டது. கற்பனைக்கு ஏற்ப உண்மை ஆறு தன் பெயரை மாற்றிக்கொண்டது! இன்று அப்பாதையின் எஞ்சிய பகுதி காட்சிப் பயணத்திற்குப் பெயர்பெற்றது. மலைச்சரிவை ஒட்டி ஆற்றின் மேல் தொங்குவது போன்ற மரப்பாலத்தைப் பயணிகள் படமெடுக்கின்றனர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டு வீரர்க்குப் பெயர் பொறித்த கற்கள் உள்ளன. தோட்டத் தமிழர்க்கு அத்தகைய பெயர் வரிசை இல்லை. கற்பனை எவர்க்கும் தீங்கு செய்யாது என்னும் வாதம் இங்கே தளர்கின்றது. கற்பனை நிலம் திரையோடு நின்றுவிடுவதில்லை. மெய்யான நிலத்தின் மீது வந்து படிகின்றது. அதில் இடம்பெறாதவர்களை அடுத்த தலைமுறை தேடவும் தேடாது.

மறுபுறமும் ஒன்று உண்டு. ஆர். கே. நாராயண் படைத்த மால்குடி எந்த நிலப்படத்திலும் இல்லை. ஓர் இரயில் நிலையத்தின் பெயராகவே அது அவர் மனத்தில் முதலில் தோன்றியது. 1935 இல் வெளிவந்த முதல் நாவலிலிருந்து அவ்வூர் வளர்ந்தது. 1958 இல் வந்த ‘கைடு’ நாவலில், தன் வீட்டின் எதிரே தண்டவாளம் இடப்படுவதைப் பார்த்து வளரும் சிறுவன் ராஜு, பின்னர் நிலையத்தில் கடை நடத்துகின்றான். மண் கொட்டுவோரின் பேச்சும், கடையில் வாங்கும் தின்பண்டமும், நிலைய அதிகாரியின் தோரணையும் அங்கே உள்ளன. நிலம் முழுவதும் பொய். உரிப்பொருள் மெய்.

பாதை அமைப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து கண்ணுக்கு எட்டும் தொலைவு வரையிலேயே மரமும் வீடும் வைப்பார்கள். அதற்கு அப்பால் வெற்றுக் கட்டங்களே எஞ்சும். கணினியின் ஆற்றலைச் சேமிக்கும் முறை அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் உண்மைப் பயணிகளின் கண்ணும் அவ்வாறே பழகிவிட்டது. இலங்கையில் 1924 இல் பதுளையை எட்டிய மலைநாட்டுப் பாதை உலகின் அழகிய பயணங்களுள் ஒன்றெனப் போற்றப்படுகின்றது. தேயிலைச் சரிவும், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலமும், இடையிடையே லயன் வீடுகளின் தகரக் கூரையும் படங்களில் பதிகின்றன. கூரைக்குக் கீழே இருப்போர் காட்சியின் எல்லைக்கு அப்பால். வடசிலாங்கூரின் பால்மரக் காடும் கடந்து செல்வோர்க்குச் சில நொடிகள் சுழன்று மறையும் தூண் மண்டபம். விடியுமுன் தலைவிளக்கோடு இறங்கி, நிரையில் மரத்திற்கு மரம் குனிந்து வெட்டியவர்க்கு அது காட்சியாக இருந்ததில்லை. கொசுவும் ஈரமும் மழை வந்தால் போகும் பிழைப்புமாக இருந்தது.

அப்படியாயின், பாதையோரத்தில் பால்வாளி சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் ஒன்றை வைத்துவிட்டால் கடன் தீர்ந்ததா? தீராது. இது நன்மனம் கொண்டோர் எளிதில் விழும் பள்ளம். அசையாது நிற்கும் பொம்மை உரிப்பொருள் ஆகாது. அது இன்னொரு கருப்பொருளே, மயில் போல, மரம் போல. குற்றவுணர்வுக்குப் போடும் அணிகலன் என்றும் சொல்லலாம். உரிப்பொருள் பாட்டின் ஓரத்தில் நிற்பதில்லை; பாட்டை இயக்குகின்றது. கற்பனைப் பாதையிலும் அது வண்டியின் ஓட்டத்திற்குள் வந்தாக வேண்டும்.

இது செய்ய இயலாத செயலன்று. ஒவ்வொரு வழித்தடத்திற்கும் கால அட்டவணை, வேகக் கட்டுப்பாடு, நிலையப் பெயர் ஆகியவற்றை அமைப்பவரே எழுதுகின்றார். மழைக்காலத்தில் மண் சரியும் வளைவொன்றில் வேகத்தைக் குறைக்குமாறு கட்டளை வைத்தால், அங்கே சிவப்புக் கொடியோடு தண்டவாளப் பராமரிப்புக் குழு ஒன்று இருந்தாக வேண்டும். அக்குழுவில் அன்று தமிழர் இருந்தனர். இன்றைய காலத்தைக் காட்டும் பாதையாயின், தோட்டங்களில் இப்போது உழைக்கும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் வழியில் ஏறி இறங்க வேண்டும். இதைச் சொல்லத் தயங்கும் தமிழன், தன் முன்னோரை மறந்த திரைப்படத்தைக் குறைகூறும் தகுதியை இழக்கின்றான். குப்பை மேட்டை வைப்பதா நீக்குவதா என்பது அமைப்பவரின் சுவை. ஆயின் மாநகரின் கழிவு எங்கோ சென்றாக வேண்டும் என்பதை அறிந்து நீக்குவது வேறு, அறியாமல் நீக்குவது வேறு.

நிலையங்களுக்குப் பெயரிடுவதில் மாணவர்க்கு முழு உரிமை உண்டு. வீடமைப்புத் திட்டங்களுக்காகத் துண்டாடப்பட்டு, ஆள் இல்லாது போன தோட்டங்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டுப் பலகைகளில் எழுதலாம். அதற்குத் திரையை விட்டு எழுந்து யாரிடமேனும் சென்று பேச வேண்டியிருக்கும். ராசாவில் புறப்படும் வண்டி, எழிற்பயண வண்டியாக இருந்தால் கோல சிலாங்கூர் வரை எங்கும் நில்லாமல் ஓடும். கூலி நாளன்று மாலையில் சந்தைக்குச் செல்வோரை ஏற்றும் வண்டியாக இருந்தால், மேரி தோட்டத்திலும் தென்னமரத்திலும் இரண்டிரண்டு நிமிடம் நிற்க வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பயண நேரம் நீளும்; ஓட்டத்தின் சுகம் குறையும். அட்டவணையில் அந்த இரண்டு நிமிடங்களை எழுதுவதா வேண்டாவா என்பதை மாணவரே முடிவு செய்துகொள்ளட்டும்.